எஸ்லின் போன நாள் எது

லைன் ஆஃப் ஆகிவிட்டது என்று யார் சொன்னாலும் ஜெயசிங் நம்ப மாட்டார். சப்ஸ்டேஷனிலிருந்து போன் வந்திருக்கும். கூட வந்தவர் தலையாட்டியிருப்பார். அப்படியும் கம்பியில் மிச்சமிருக்கிற மின்சாரத்தை மண்ணுக்கு இறக்குகிற எர்த் ராடைத் தன் கையால் எடுத்துக் கம்பியில் மாட்டிப் பார்த்துவிட்டுத்தான் கம்பத்தில் கால் வைப்பார். கூட வேலை பார்க்கிற லைன்மேன்கள் இதைச் சொல்லிக் கேலி செய்வதுண்டு. கோமதிநாயகம் மட்டும் கேலி செய்ய மாட்டார். பதினொரு வருஷத்துக்கு முன்னால், லைன் உண்மையிலேயே ஆஃப் ஆகியிருந்த ஒரு நாளில், பக்கத்துக் கல்யாண மண்டபத்து ஜெனரேட்டரிலிருந்து கரண்ட் திரும்பி வந்து அவருடைய வலது கையில் இரண்டு விரல்களை எடுத்துக்கொண்டு போனது. அன்று கீழே நின்றவர் ஜெயசிங்.

"சொன்னவன் பொய் சொல்லல வே. ஆனாலும் பாத்துருக்கணும்" என்று கோமதிநாயகம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து சொன்னதை ஜெயசிங் மறக்கவில்லை.

ஜெயசிங்குக்கு இப்போது ஐம்பத்து மூன்று வயது. சங்கரன்கோவிலில் திருவேங்கடம் போகும் சாலையை ஒட்டிய ஒரு தெருவில் சொந்த வீடு. மனைவி எஸ்லின் முன்னறையில் மெஷின் போட்டு நைட்டி தைத்தாள். ஞாயிற்றுக்கிழமை வேதக்கோவில் பாடகர் குழுவில் இரண்டாம் வரிசையில் நின்று பாடினாள். ஒரே மகள் பிளஸ்ஸி, பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கி பி.எட். படித்தாள்.

லைன்மேன் பெண்டாட்டிக்கு ஒரு கூடுதல் வேலை இருந்தது. தெருவில் கரண்ட் போனால் யாரும் ஆபீசுக்குப் போன் செய்வதில்லை. எஸ்லினிடம்தான் வந்து நிற்பார்கள். மாவு பாதி அரைத்துக்கொண்டிருந்த மைமூனம்மாள் வருவாள், தறி நின்றுபோனவர்கள் வருவார்கள். எஸ்லின் உடனே போனை எடுப்பாள்.

"அத்தான், நம்ம தெருவுல கரண்ட் போச்சு. எங்கன நிக்கீய?"

"கம்பத்துல நிக்கேன். வச்சுட்டுப் போட்டீ."

அவள் வந்தவர்களிடம் திரும்பி, "அத்தான் ஏறிட்டாங்க, இப்ப வந்துரும்" என்பாள். ஜெயசிங் அந்த நேரம் பத்துக் கிலோமீட்டர் தள்ளி வேறு ஏதோ ஒரு கம்பத்தில் நின்றாலும் அதே பதில்தான். கேட்டு வந்தவரிடம் முடியாது, தெரியாது என்று சொல்ல அவளுக்கு வாய் வராது.

போன வருஷம் பிப்ரவரி பதினெட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை. காலை எட்டரை மணி இருக்கும். ஜெயசிங் டிபன் டப்பாவை மூடிக்கொண்டிருந்தார். முன்னறையில் மெஷின் சத்தம் நின்றது.

"அத்தான், தல வெடிக்குத மாதிரி இருக்கு" என்றாள் எஸ்லின். அவ்வளவுதான். எழுந்திருக்கப் பார்த்து, மெஷின் மேலேயே சரிந்தாள்.

ஊர் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு உடனே திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள். ஆம்புலன்சில் ஜெயசிங் அவள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது, மூளை முழுக்க ரத்தம் பரவியிருக்கிறது என்றார்கள். வாய்வழியாகக் குழாய் போட்டு மூச்சு மெஷினில் இணைத்தார்கள். பிளஸ்ஸி பாளையங்கோட்டையிலிருந்து ஆட்டோ பிடித்து ஓடி வந்தாள். எஸ்லினுடைய அக்கா ஞானதீபம் சாயங்காலம் பஸ்சில் வந்து இறங்கினார். மூன்று பேரும் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நெகிழி நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள்.

புதன்கிழமை காலையில் ஓர் இளம் டாக்டர் வெளியே வந்து ஜெயசிங்கைக் கூப்பிட்டார்.

"சார், மூளை சுத்தமா செயலிழந்துட்டு. இப்ப மெஷின்லதான் உயிர் ஓடிட்டிருக்கு."

ஜெயசிங் காதில் விழுந்தது 'உயிர் ஓடிட்டிருக்கு' என்பது மட்டும்தான். திரும்பி வந்து அதையே மகளிடம் சொன்னார். ஞானதீபம் உடனே கோவில் பெண்களுக்குப் போன் போட்டு உபவாச ஜெபம் ஏற்பாடு செய்தார். "உயிர் இருக்குல்லா தம்பி. அது போதும். கர்த்தர் எழுப்புவார்" என்றார்.

அந்த டாக்டர் மத்தியானம் மறுபடியும் வந்தார். ஜெயசிங் மின்வாரிய ஊழியர் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். அவருக்குப் புரியும்படி சொல்லலாம் என்று நினைத்தார் போல.

"உங்களுக்குத் தெரிஞ்ச மாதிரியே சொல்றேன். மெயின் போயிட்டு. வீட்ல இன்வெர்ட்டர்ல லைட் எரியுது. அப்படித்தான்."

"மெயின் திரும்ப வரும்லா சார்" என்றார் ஜெயசிங். "எத்தன மணி நேரம் ஆனாலும் வரும். நாங்க அதுக்குத்தான் இருக்கோம்."

டாக்டர் உள்ளே போய்விட்டார். பாவம், அவர் பொய் எதுவும் சொல்லவில்லை.

அன்று மாலை உள்ளே விட்டார்கள். எஸ்லின் முகம் கொஞ்சம் வீங்கியிருந்தது. அதைத் தவிர தூங்குகிற மாதிரிதான் கிடந்தாள். நெஞ்சு ஏறி இறங்கியது. கையைத் தொட்டால் சூடு. அப்ரீன் பானு என்ற நர்ஸ் அவளை ஒருபக்கமாகத் திருப்பிப் போட வந்தாள். குனிந்து, "அம்மா, கொஞ்சம் திருப்புதேம்மா, வலிக்காது" என்று சொல்லிக்கொண்டே மெதுவாகத் திருப்பினாள். ஜெயசிங் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். டாக்டர்கள் என்னவோ சொல்கிறார்கள்; இந்தப் பிள்ளை இவளிடம் பேசுகிறதே! பேசினால் கேட்காதவளிடம் யாராவது பேசுவார்களா?

பிளஸ்ஸி அம்மாவின் இடது கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்திருந்தாள். திடீரென்று கத்தினாள்.

"அப்பா! வெரல் அசையுது! அம்மா வெரல அசைச்சாப்பா!"

அப்ரீன் பானு ஓடி வந்தாள். டாக்டரும் வந்தார். முதுகுத்தண்டு இன்னும் வேலை செய்கிறது, அதனால் சில சமயம் விரல் துடிக்கும், மூளையிலிருந்து வருவது இல்லை என்று சொன்னார். பிளஸ்ஸி அவர் முகத்தையே பார்க்கவில்லை. அவள் அம்மாவின் விரலையே பார்த்தாள். அன்று முழுக்க அதே பேச்சுதான். ஞானதீபம் வாசலில் முழங்காலில் நின்று நன்றி சொல்லி ஜெபித்தார்.

வியாழக்கிழமை காலையில் வேறொரு டாக்டர் வந்தார். விஜிதா என்று பெயர். ஐம்பது வயது இருக்கும். அவர் நின்றுகொண்டு பேசவில்லை. மூன்று பேரையும் ஒரு சின்ன அறைக்கு அழைத்துப்போய், கதவைச் சாத்தி, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"உங்க வீட்டம்மா இறந்துட்டாங்க" என்றார்.

மூன்று நாளில் முதல்முறையாக அந்தச் சொல்லை ஒருவர் வாய்விட்டுச் சொல்கிறார்.

"உயிர் இருக்கு, மெஷின்ல ஓடுதுன்னு எங்க ஆளுங்களே சொல்லியிருப்பாங்க. தப்பு. நெஞ்சு ஏறி இறங்குறது மெஷின் தள்ளுற காத்து. அந்தக் காத்து கெடைக்கிறதால இதயம் தானா துடிக்குது, அதனால உடம்புல சூடு இருக்கு. ஆனா அவங்க இல்ல. கோமாவும் இல்ல, தூக்கமும் இல்ல. திரும்பி வர மாட்டாங்க. காலைல ஒரு தடவ டெஸ்ட் பண்ணிட்டோம். சட்டப்படி ஆறு மணி நேரம் கழிச்சு இன்னொரு தடவ பண்ணணும். நாலு டாக்டர் கையெழுத்துப் போடணும். அப்பத்தான் நாங்க அதிகாரப்பூர்வமா சொல்லுவோம்."

"என்ன டெஸ்ட்?" என்று கேட்டார் ஜெயசிங்.

"மெஷின கழட்டிட்டு, தானா ஒரு மூச்சாவது எடுக்குறாங்களான்னு பாப்போம்."

ஜெயசிங் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டார்.

"நான் பாக்கணும் டாக்டர்."

"கஷ்டமா இருக்கும். பல பேரு தாங்க மாட்டாங்க."

"எங்க தொழில்ல யாரும் சொல்லிக் கேட்டு ஏற மாட்டோம் டாக்டர். பாக்காம நான் நம்ப மாட்டேன். என்னக் கொண்டுபோங்க."

விஜிதா பிளஸ்ஸியைப் பார்த்தார். பிளஸ்ஸி தலையை ஆட்டி மறுத்தாள். "நான் வர மாட்டேன். மெஷினக் கழட்டுறத நான் பாக்க மாட்டேன். கழட்டாதீங்க."

பிற்பகல் நான்கு மணிக்கு ஜெயசிங்குக்கு ஒரு பச்சை அங்கி மாட்டி உள்ளே அழைத்துப்போனார்கள். நான்கு இருபதைத் தாண்டி வெளியே வந்தார். ஞானதீபம் எழுந்து நின்றார். ஜெயசிங் அங்கியைக் கழற்ற முடியாமல் பின்னால் கட்டிய முடிச்சைத் தேடிக்கொண்டிருந்தார்.

"மதினி, போயிட்டா" என்றார்.

அதற்கு மேல் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

அரைமணி நேரம் கழித்து விஜயராஜ் என்பவர் வந்தார். உறுப்பு தானத்துக்கான ஒருங்கிணைப்பாளர். சட்டைப் பையில் அடையாள அட்டை தொங்கியது. தணிந்த குரலில் பேசினார். இதயம், கல்லீரல், இரண்டு சிறுநீரகம், கண்கள். கொடுத்தால் சில பேர் பிழைப்பார்கள். "வேண்டாம்னு சொன்னாலும் ஒரு தப்பும் இல்ல அண்ணாச்சி. யாரும் உங்கள ஒண்ணும் சொல்ல முடியாது. யோசிச்சுச் சொல்லுங்க."

எஸ்லின் இதைப்பற்றி ஒருநாளும் பேசியதில்லை. யார் வீட்டில்தான் பேசுகிறார்கள்? ஜெயசிங் அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று யோசித்துப் பார்த்தார். மனசில் வேறு எதுவும் வரவில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு, வாசலில் நிற்கிற பெண்களிடம் அவள் தலையாட்டுவதுதான் வந்தது.

"அவளுக்கு இல்லன்னு சொல்லத் தெரியாது" என்றார். "எங்கன கையெழுத்துப் போடணும்?"

பிளஸ்ஸி எழுந்து நின்றாள். அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று பிறகு பலமுறை ஜெயசிங் நினைத்ததுண்டு.

"கை சூடா இருக்குப்பா. வெரல் அசைஞ்சுதுப்பா. நான் பாத்தேன். அம்மாவ நீங்களே குடுத்துட்டீய."

வெள்ளிக்கிழமை காலையில் கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனபோது நர்சுகளும் டாக்டர்களும் வராந்தாவின் இரண்டு பக்கமும் வரிசையாக நின்று தலைகுனிந்தார்கள். ஜெயசிங் எஸ்லினுடைய கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். தியேட்டர் வாசலில் விடச் சொன்னார்கள். விட்டார். அந்தக் கை அப்போதும் சூடாகவே இருந்தது.

சாயங்காலம் சங்கரன்கோவிலில் அடக்கம். உறுப்பு கொடுத்தவர்களுக்கு அரசு மரியாதை என்று அதிகாரிகள் காரில் வந்து மலர்வளையம் வைத்தார்கள். தெருவே திரண்டு வந்தது. பாடகர் குழு பாடியது. இரண்டாம் வரிசையில் ஒரு குரல் குறைந்தது. பிளஸ்ஸி பெரியம்மாவின் தோளில் சாய்ந்திருந்தாள். அப்பா பக்கம் வரவில்லை.

அதற்குப் பிறகு வீடு அப்படியே நின்றது. மெஷினில் ஊசிக்கடியில் பாதி தைத்த ஒரு நைட்டி மாட்டியிருந்தது. நீலத்தில் வெள்ளைப் பூ போட்டது. ஜெயசிங் அதை எடுக்கவும் இல்லை, மூடிவைக்கவும் இல்லை. துணி கொடுத்த கடைக்காரர் ஒருநாள் வந்து பார்த்தார். அதைக் கேட்காமலேயே போனார்.

மற்ற நேரமெல்லாம் எப்படியோ ஓடியது. கம்பத்தில் நிற்கும்போதுதான் முடியவில்லை. சட்டைப்பையில் போன் அடித்தால், ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, எடுத்து "வச்சுட்டுப் போட்டீ" என்று சொல்ல வாய் தயாராகிவிடும். திரையில் சப்ஸ்டேஷன் நம்பர் இருக்கும். கீழே நிற்கிற கோமதிநாயகம் அந்த நொடியைக் கவனித்திருக்கிறார். ஒன்றும் சொன்னதில்லை. தெருவில் கரண்ட் போனால் இப்போது யாரும் வீட்டுக்கு வருவதில்லை. மைமூனம்மாள்கூட ஆபீஸ் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டாள். அவர்கள் மரியாதைக்காகச் செய்தது. ஜெயசிங்குக்கு அதுதான் அதிகம் வலித்தது.

பிளஸ்ஸி விடுதிக்குப் போய்விட்டாள். அவர் போன் செய்தால் எடுப்பாள். "சாப்ட்டியா மக்கா?" "சாப்ட்டேன்." "பரீட்ச எப்ப?" "அடுத்த மாசம்." அதற்கு மேல் பேச்சு நகராது. அவளாக ஒருநாளும் கூப்பிடவில்லை.

விஜயராஜ் இரண்டு முறை போன் செய்து விசாரித்தார். இதயம் வைக்கப்பட்டவர் நன்றாக இருக்கிறார், நடக்கிறார் என்றார்.

"யாரு தம்பி அது? ஊரு மட்டும் சொல்லு."

"சொல்லக் கூடாது அண்ணாச்சி. சட்டம்."

"ஆணா பொண்ணா, அதையாவது சொல்லேன்."

"மன்னிச்சுக்கோங்க அண்ணாச்சி."

அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வந்துவிட்டது. புளியங்குடி பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது, தென்காசி ஆபீஸ் மீட்டிங்கில், ரயில் ஏறும்போது, யாராவது படியேறி நின்று நெஞ்சில் கைவைத்து மூச்சு வாங்கினால் ஜெயசிங் நின்று பார்ப்பார். பக்கத்தில் போய் ஒரே ஒரு நிமிஷம் காதை வைத்துக் கேட்டால் தெரிந்துவிடும் என்று தோன்றும். இருபத்தைந்து வருஷம் அந்த நெஞ்சில் தலைவைத்துப் படுத்தவர் இல்லையா! பிறகு வெட்கப்பட்டு நகர்ந்துவிடுவார்.

வருஷம் திரும்ப ஒரு மாதம் இருக்கும்போது கல்லறைக் கல் வைக்க வேண்டும் என்று பேச்சு வந்தது. கல் வேலை செய்கிற இசக்கித்துரை வந்து பெயரும் தேதியும் எழுதித் தரச் சொன்னான். பிறந்த தேதியை எழுதினார். அடுத்த வரியில் நித்திரையடைந்த தேதி.

"செவ்வாக்கெழமதான் எழுதணும் தம்பி" என்றார் ஞானதீபம். "மெஷின் மேல சாஞ்சப்பவே எந்தங்கச்சி போயிட்டா. மத்ததெல்லாம் நம்ம ஆசைக்கு வச்சுருந்தது." ஒரு வருஷத்தில் அவர் அந்த முடிவுக்கு வந்து சேர்ந்திருந்தார்.

ஜெயசிங் 20.2.2025 என்று எழுதினார். இறப்புச் சான்றிதழில் இருந்ததும் அதுதான். எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லி அந்தத் தாளைப் படம்பிடித்து மகளுக்கு வாட்ஸாப்பில் அனுப்பினார். ஐந்து நிமிஷத்தில் போன் அடித்தது. ஒரு வருஷத்தில் அவளாகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"ஏன்ப்பா வியாழக்கெழம போட்டிருக்கீய?"

"சர்டிபிகேட்ல அதாம்மா."

"வெள்ளிக்கெழம காலைல அம்மா நெஞ்சு அடிச்சுட்டுத்தான இருந்துச்சு? நீங்கதான கையப் பிடிச்சுட்டுப் போனீய? சூடாத்தான இருந்துச்சு? உயிரோட இருந்த நாள்ல செத்துட்டான்னு கல்லுல வெட்டப் போறீயளா?"

"வீட்டுக்கு வா மக்கா" என்றார் ஜெயசிங்.

சனிக்கிழமை பதினோரு மணி பஸ்சில் வந்தாள். பையைக் கீழே வைத்தாள். முன்னறையில் அம்மாவின் மெஷினுக்கு எதிரே, ஸ்டூலில் உட்கார்ந்தாள். பாதி தைத்த நைட்டியைப் பார்த்தாள். தொடவில்லை. ஜெயசிங் வாசற்படியில் உட்கார்ந்தார். வெளியே வெயில்.

"அங்கன என்ன பாத்தீயன்னு நீங்க சொல்லவே இல்லப்பா" என்றாள். "போயிட்டான்னு மட்டும் சொன்னீய. எனக்கு அது பத்தல. நான்தான் உள்ள வரலைன்னு சொன்னேன். தெரியும். ஆனா எனக்குப் பத்தல."

அவர் சொன்னார். யாரிடமும் சொல்லாததைச் சொன்னார்.

"மொதல்ல கண்ணு மேல பஞ்ச வச்சுத் தொட்டாங்க. உங்கம்மா கண்ணுல ஒரு தூசி விழுந்தா ஊரையே கூட்டுவால்லா. இமை ஆடல. காதுல ஐஸ்தண்ணி விட்டாங்க. ஒண்ணும் இல்ல. அப்புறம் மெஷினக் கழட்டுனாங்க. காத்து கெடைக்கட்டும்னு ஒரு சின்ன ட்யூப் மட்டும் உள்ள விட்டாங்க. நெஞ்சையும் வயித்தையும் தொறந்து வச்சு எல்லாரும் பாத்துட்டு நின்னாங்க. எட்டு நிமிஷம். ஒருத்தரும் பேசல. டிவி மாதிரி இருக்குல்லா, அதுல நெஞ்சு அடிக்குதது மட்டும் ஓடிட்டிருந்துச்சு."

பிளஸ்ஸி குனிந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூணாவது நிமிஷமோ நாலாவது நிமிஷமோ, வெரல் அசைஞ்சுது."

அவள் நிமிர்ந்தாள்.

"ஆமா மக்கா. நீ பாத்த அதே கை. அதே வெரல். நானும் பாத்தேன். எனக்கு அப்படியே தூக்கிப் போட்டுச்சு. டாக்டரம்மாவப் பாத்தேன். அவுங்க வெரலப் பாக்கல, நெஞ்சத்தான் பாத்தாங்க. நானும் நெஞ்சப் பாத்தேன். வெரல் அசைஞ்சுது, ஆனா நெஞ்சு அசையல. நீ பொய் சொல்லல மக்கா. நீ பாத்தது நெசம். ஆனா அது அவ அசைச்சது இல்ல."

பிளஸ்ஸி முகத்தைத் துப்பட்டாவால் மூடினாள். ஜெயசிங் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று தெரியும்.

"நான் வேண்டாம்னு தடுத்துருவேன்னு நெனச்சுத்தான் உள்ள போனேன். ஒரு மூச்சு எடுத்தாப் போதும், எல்லாரையும் வெளிய தள்ளிட்டு அவளத் தூக்கிட்டு வந்துருவேன்னு இருந்தேன். காதுகிட்டக் குனிஞ்சு கூப்பிட்டேன். ஒரே ஒரு மூச்சு எடுட்டீன்னு கெஞ்சுனேன். கூப்பிடக்கூடாதுன்னு யாரும் சொல்லல. அந்த நர்ஸு பிள்ள அழுதுச்சு. மூணு தடவ கூப்பிட்டேன். நான் கூப்பிட்டு அவ வராம இருந்ததே இல்ல மக்கா. அப்பத்தான் தெரிஞ்சுது. அதான் வியாழக்கெழம."

தெருவில் ஒரு மொபெட் போனது.

"எனக்கு இன்னும் அம்மா கை சூடுதான் ஞாபகத்துல இருக்குப்பா" என்றாள் பிளஸ்ஸி.

"எனக்கும்தான். அது போகாது. போகவும் வேண்டாம்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள். வாசற்படியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். கல்லில் எந்த நாள் என்று இரண்டு பேரும் அதன்பிறகு பேசவில்லை. இசக்கித்துரை வந்தபோது அந்தத் தாளை பிளஸ்ஸியே எடுத்துக் கொடுத்தாள்.

ஆனால் அன்று, படியில் உட்கார்ந்ததும், அவள் கேட்டது வேறு.

"என்னன்னு கூப்பிட்டீய?"

"ஆங்?"

"காதுல. எஸ்லின்னா? ஏட்டின்னா?"

ஜெயசிங்குக்கு முகம் மாறியது. சொல்லலாமா என்று தயங்குவது போலிருந்தது.

"ராயகிரின்னு கூப்பிட்டேன்."

"என்னது?"

"அவ ஊருல்லா. கல்யாணமான புதுசுல அவ அந்த ஊருப் பெருமையாவே பேசிட்டிருப்பா. எங்க ஊருல அப்படி, எங்க ஊருல இப்படின்னு. நான் சும்மா கேலிக்கு, ஏ ராயகிரின்னு கூப்பிட ஆரம்பிச்சேன். கோவம் வரும். அப்புறம் பழகிட்டு. நீ பொறந்தப்புறம் உன் முன்னால கூப்பிடக் கூடாதுன்னுட்டா. நீயும் கூப்பிட்டுருவன்னு பயம்."

பிளஸ்ஸி சிரித்தாள். சிரிப்பின் நடுவிலேயே அழுகை வந்தது. இரண்டையும் நிறுத்த முடியாமல் அவர் தோளில் முகத்தைப் பதித்துக்கொண்டாள். இருபத்து மூன்று வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் அம்மாவுக்கு இப்படி ஒரு பெயர் இருந்தது அவளுக்குத் தெரியாமல் போய்விட்டது. இன்னும் என்னவெல்லாம் இருக்கிறதோ.

"கூப்பிட்டா அம்மா என்ன சொல்லுவா?"

"'என்ன வே'ன்னு கேப்பா. பக்கத்துல யாரும் இல்லன்னா எனக்கு அத்தான் கெடையாது, ஆம்பளைய கூப்பிட்டுக்கிடுத மாதிரி 'வே'தான்."

"இன்னும் சொல்லுங்கப்பா" என்றாள் பிளஸ்ஸி.

ஜெயசிங் வெயிலைப் பார்த்தபடி, எஸ்லினை முதன்முதலாக அந்த ஊரில் பார்க்கப் போன நாளிலிருந்து தொடங்கினார்.